நெட்டையனை விற்ற மேனேஜர்

அந்த விளையாட்டைப் பற்றி எங்கள் ஷோரூம் மேனேஜர் முதன்முதலாகக் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து, கஸ்டமர் யாரும் இல்லாத நேரம். நான் பில் கவுன்டரில் உட்கார்ந்து போனில் கால்பந்து மேனேஜர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர், “இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் போனையே நோண்டிக்கினு இருக்க, இன்னாதான் அது?” என்றார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்து, தப்பிக்கிறதுக்காக விளக்கமாகவே சொன்னேன். இதில் பந்தை நாம் உதைக்க வேண்டியதில்லை சார். ஆளை வாங்குவது, விற்பது, யாரை இறக்குவது என்று முடிவு செய்வது மட்டும்தான் நம் வேலை. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக் காட்டும். சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணனும் அவன் நண்பர்களும் சேர்ந்து ஒரு லீக் நடத்துகிறார்கள், அதில் நானும் ஒரு அணி. ஒருத்தன் கல்யாணம் நிச்சயமானதும் விலகிவிட்டான், அவன் அணியை இன்றைக்குக் கலைக்கப் போகிறார்கள்.

“கலைச்சுட்டா அந்த ஆளுங்கல்லாம் எங்க போவாங்க?” என்றார்.

“எங்கயும் போகமாட்டாங்க சார். அதுங்கல்லாம் கம்ப்யூட்டர் பொம்மைங்க. சும்மா கெடக்கும்.”

“சும்மாவா?” என்றார். பிறகு தன் போனை என் முன்னால் வைத்து, “இதுல அதப் போட்டுக் குடு. நான் பாத்துக்கறேன்” என்றார்.

இப்படித்தான் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தர் எங்கள் லீகுக்குள் வந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஷோரூமில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கு மேனேஜர், மெக்கானிக்குகளுக்கு மேனேஜர் சார், எனக்கு வெறும் சார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது எங்கள் டூவீலர் ஷோரூம். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் டயர் காற்று பார்க்கும் கேஜ், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எங்களுக்குப் போன் பண்ணி “எல்லாம் நல்லா இருக்கீங்களா?” என்று ஒரு விசாரிப்பு. சின்ன வயதில் அந்தக் கோயில் மைதானத்தில் கைப்பந்து ஆடியிருக்கிறாராம். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசி வரை அவருக்குப் பிடிபடவில்லை. “முன்னாடி போய் நின்னா தப்பா? சுறுசுறுப்பா இருக்கான்னுதான அர்த்தம்?” என்பார். அணிக்கு வெள்ளிமலை யுனைடெட் என்று பெயர் வைத்தார். மலை மேலே இருக்கிற அந்த ஊரில் மாதம் ஒரு தடவை இலவச வண்டி சர்வீஸ் கேம்ப் போட வேன் எடுத்துக்கொண்டு போகிறவர். மலையில் சாமை விளைகிற கொல்லைகளைப் பார்த்தாலே அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

இந்த விளையாட்டில் பெரிய தலைவலி பந்து இல்லை, சம்பளம். ஓர் அணியில் இருக்கிற எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டினால் ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும். அதை அவர் கோடு என்பார். ஜெயிக்க ஜெயிக்க ஆட்டக்காரர்கள் சம்பளத்தை ஏற்றிக் கேட்பார்கள், கோட்டைத் தாண்டிவிடுவோம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கணக்கு மூடும்போது தாண்டியிருந்தால் புள்ளி போகும், கம்ப்யூட்டரே தனக்குத் தோன்றிய ஆளைக் கழற்றிவிடும். நாங்களெல்லாம் கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டு, குறைந்த சம்பளத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஏழெட்டுப் பேரைத் தட்டிவிடுவோம். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் காணாமல் போய்விடுவான். ஒரு வாரத்தில் அவன் பெயரும் நமக்கு மறந்துபோகும்.

அவர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. புதன்கிழமையே ஆரம்பித்துவிடுவார். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வரும். “வணக்கம் தம்பிகளா. எங்கிட்ட இடது பக்கம் ஆடுற பையன் ஒருத்தன் இருக்கான். நல்ல பையன். காயம் இல்ல. யாருக்காவது வேணுமா?” யாரும் பதில் போடமாட்டார்கள். வியாழக்கிழமை ஒவ்வொருத்தனுக்கும் தனியாகப் போன் போகும். வெள்ளிக்கிழமை, “பாதிச் சம்பளம் நானே குடுத்துக்கறேன், நீ வெச்சு ஆட வெய்யி” என்று இறங்கி வருவார். விளையாட்டில் அதற்கு வழி இருந்தது. ஆனால் அந்தப் பாதிச் சம்பளம் அவர் கணக்கில்தான் ஏறும். இப்படி அடுத்தவன் அணியில் ஆடுகிறவனுக்கெல்லாம் இவர் சம்பளம் கொடுத்து, அந்தப் பாரமே சேர்ந்து அடுத்த மாதம் இவரைக் கோட்டைத் தாண்ட வைக்கும். அண்ணன் எனக்குப் போன் பண்ணி, “உங்க மேனேஜருக்கு மூளை கீளை குழம்பிடுச்சா?” என்று கேட்டான். நான் சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். “அனுப்பறது இன்னா பெரிய வேல. போய் நிக்க எடம் இருக்கான்னு பாக்கறதுதான் வேல” என்றார்.

ஒரு கோல்கீப்பரை என் தலையில் கட்டினார். வயதாகிப்போனவன், எந்த அணியும் சீந்தவில்லை. நாங்கள் அவனைத் தாத்தா என்றே கூப்பிட்டோம். பாதிச் சம்பளம் வெள்ளிமலை கொடுக்கும் என்ற ஒப்பந்தத்தில், சாரின் முகத்துக்காக எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் அரையிறுதியில் எனக்கும் அவருக்கும் ஆட்டம். என் வழக்கமான கீப்பருக்குக் காயம், வேறு வழியில்லாமல் தாத்தாவை இறக்கினேன். ஆட்டம் சமனாகிப் பெனால்டிக்குப் போனது. வெள்ளிமலை யுனைடெட் அடித்த கடைசிப் பந்தைத் தாத்தா விழுந்து பிடித்துவிட்டார். சாரிடம் பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு சாரையே தோற்கடித்தார். குழுவில் ஒரே கும்மாளம். நான் மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். அவர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, “பாத்தியாம்மா, தாத்தா நல்லா இருக்காரு இல்ல?” என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. தோற்றதற்காகக் கொஞ்சமாவது வருத்தப்பட்டால்தானே ஜெயித்தவளுக்கு மரியாதை.

கேம்ப்புக்காக மலை ஏறிய ஒரு சனிக்கிழமையையும் சொல்ல வேண்டும். வேனில் நான், இரண்டு மெக்கானிக்குகள், சார். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற சிக்னல் போய்ப் போய் வரும். திடீரென்று ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். சென்னையில் ஒரு தம்பி அவருடைய ஆள் ஒருத்தனை எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான், இன்னும் சம்மதத்தை அழுத்தவில்லை. மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அந்த வளைவில் அங்கும் இங்கும் நடந்தார். பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். காரியம் முடிந்து நாங்கள் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது, காலையிலிருந்து வண்டியோடு காத்துக்கொண்டிருந்தவர்கள் கடுகடு என்று இருந்தார்கள். பெரியவர் ஒருத்தர், “இன்னா சார், இவ்ளோ நேரமா?” என்று கேட்டேவிட்டார். வேன் பஞ்சர் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் சார், “மன்னிச்சுக்கோங்க. ஒரு பையனுக்கு எடம் பாத்துக்கினு இருந்தேன். அதுல லேட்டாயிடுச்சு” என்றார்.

பெரியவரின் கோபம் இறங்கியது. “கெடச்சுதா?”

“கெடச்சுதுங்க. சென்னையில.”

“நல்லது, போ” என்று சொல்லி வண்டிச் சாவியை நீட்டினார். மெக்கானிக்குகள் திரும்பி நின்று சிரித்தார்கள்.

நல்ல மனிதர்தான் என்றாலும், அவர் இடம் பார்க்கிற வேகம் சில நேரம் பயமாகவும் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு உளுந்தூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அங்கே நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் வேலை பேசி முடித்துவிட்டு வந்தார். அவளோ வேலையை விட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறவள். மாப்பிள்ளையும் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும், “நான் இன்னா உங்க டீம்ல ஆடற ஆளா சார்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று கேட்டாள். அவர் முகம் சுண்டிப்போனது. “தப்புதாம்மா. கேட்டிருக்கணும்” என்றார். அதற்குப் பிறகு யாருக்கு எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் உட்கார வைத்துக் கேட்பார். விளையாட்டிலும் ஒவ்வொரு ஆட்டக்காரனின் பக்கத்திலும் அவனுக்கு எந்த அணி பிடிக்கும் என்று ஒரு கட்டம் இருக்கும். நாங்கள் யாரும் அதைத் திறந்ததில்லை. அவர் அதைப் படிக்காமல் யாரையும் அனுப்பமாட்டார்.

அடுத்த சீசனில் வெள்ளிமலை யுனைடெட் இறுதிக்குப் போனது. எல்லாம் நெட்டையனால் வந்தது. அவன் முன்வரிசை ஆட்டக்காரன், உயரமானவன், தலையால் அடித்தே கோல் போடுகிறவன். சாருக்கு அவன் மேல் கொள்ளை ஆசை. ஆனால் அவன் சம்பளம் ஏறிய ஏற்றத்தில், இறுதிக்கு முந்தின வாரம் அணி கோட்டைத் தாண்டிவிட்டது. பாதிச் சம்பளப் பாரம் வேறு. பெஞ்சில் இருக்கிற ஐந்து பேரை அனுப்பினால் போதும், நெட்டையன் நிற்பான், கோப்பையும் கிடைக்கும். அந்த ஐந்து பேரை எடுத்துக்கொள்ள லீகில் யாரிடமும் இடம் இல்லை. கடைசி இடத்தில் இருந்த அணியில் மட்டும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது, மற்றதெல்லாம் நிரம்பி வழிந்தது. சார் மூன்று நாள் போன் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மாலை, அந்தக் கடைசி அணிக்கு நெட்டையனை விற்றுவிட்டார்.

குழுவே ஆடிப்போனது. இறுதியில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். மறுநாள் நான் அவரைப் பிடிபிடி என்று பிடித்தேன். “அஞ்சு பேர அனுப்பியிருந்தா கப்பு உங்களுதான சார்? அந்த அஞ்சு பேரும் ஒரு மேட்ச் ஒழுங்கா ஆடினதில்ல. அவனுங்களுக்காகப் போய் நெட்டையன வித்தீங்களே.”

“நெட்டையனுக்கு எங்க போனாலும் சோறும்மா. எல்லாரும் எடுத்துக்குவாங்க. அவனுங்களுக்கு இத வுட்டா வேற எடம் இல்ல” என்றார். நெட்டையன் போன அணியின் ஆட்டங்களை அந்த வருஷம் முழுக்க அவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் நிஜமான கோடு வந்தது. முதலாளி உளுந்தூர்பேட்டையில் கிளை திறந்தார். கண்ணாடியும் விளக்குமாகக் கடை ஜொலித்தது, வியாபாரம் வரவில்லை. இரண்டு கடைச் சம்பளமும் எங்கள் கடை வருமானத்தின் மேல் விழுந்தது. ஒரு நாள் முதலாளி சாரைக் கூப்பிட்டு, மூன்று பேரை அனுப்பிவிடச் சொன்னார். யார் யார் என்பதையும் அவரே சொன்னார். சார் அன்றைக்கே எங்களிடம் சொல்லிவிட்டார். வண்டி கழுவுகிற சடையன் அண்ணன், கடைசியாகச் சேர்ந்த மெக்கானிக், மூன்றாவது நான். என் கவுன்டருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “மறைக்க எனக்குத் தெரியலம்மா. நீயும் அதுல இருக்க. கொஞ்சம் டைம் கேட்டிருக்கேன். உனக்கு இன்னா வேணும்னு சொல்லு” என்றார்.

என் அண்ணன் வாங்குவது அவன் சென்னை வாடகைக்கே சரியாகப் போய்விடும். லோடு ஏற்றி இறக்கி அப்பாவின் முதுகு போய்விட்டது. அம்மா கரும்பு வெட்டப் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. மாதம் பிறந்தால் வீட்டுக்கு என்று வருவது என் சம்பளம் ஒன்றுதான். “எனக்கு இந்த வேலதான் சார் வேணும்” என்றேன். வேறென்ன சொல்ல.

சடையன் அண்ணன் மலைக்கே திரும்பிப் போக வேண்டும் என்றார். முதலாளியிடம் பேசி, ஷோரூமில் ஓரம்கட்டிப் போட்டிருந்த பழைய பம்ப்பை வாங்கிக் கொடுத்தார் சார். அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன சடையன் அண்ணன் வெள்ளிமலையில் வண்டி கழுவுகிற தண்ணி சர்வீஸ் போட்டுவிட்டார். மெக்கானிக்குக்குச் சங்கராபுரத்தில் அவன் கேட்டபடியே மாமனார் வீட்டுப் பக்கம் இடம் கிடைத்தது. எனக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. துணிக்கடையில் கேட்டார், நர்சரிப் பள்ளியில் கேட்டார், மருந்துக் கடையில் கேட்டார். எங்கும் பாதிச் சம்பளம்தான் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் வந்து நடந்ததைச் சொல்லி, “போறியாம்மா?” என்று கேட்பார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டுவேன். “சரி, வேற பாக்கலாம்” என்பார். கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எனக்கு ராத்திரியில் தூக்கமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, புது வண்டி எடுத்தவர்கள் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போன பிறகு, அவர் முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். “நீ இருக்கலாம்மா. என் வேலையும் இனிமே நீதான் பாக்கணும். சம்பளம் கொஞ்சம் ஏத்திக் குடுப்பாரு” என்றார்.

“நீங்க?”

“நான் கெளம்பறேன். ரெண்டு பேர் சம்பளத்துக்கு மேல வாங்கறவன் நான். நான் ஒருத்தன் போனா கோட்டுக்குள்ள வந்துடுது.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இது இன்னா விளையாட்டா சார்?” என்று கத்திவிட்டேன். முதலாளி அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை காலம் கடையைத் தாங்கிய மனிதர் போகிறேன் என்றதும், ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட முதலாளி சொல்லவில்லையாம். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

“எனக்கின்னாம்மா. நம்ம நெட்டையன் மாதிரிதான் நானு. எங்க போனாலும் எடுத்துக்குவாங்க” என்றார் சார்.

“நெட்டையனுக்கு இருவத்திமூணு வயசு சார். உங்களுக்கு?”

அவர் சிரித்தார். “வயசெல்லாம் கம்ப்யூட்டர் பாக்கறதும்மா. மனுஷங்க வேலையத்தான் பாப்பாங்க.”

எல்லாருடைய நிலைமையையும் நிறுத்து நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர், தன் விஷயத்தில் மட்டும் தப்பாக நிறுத்துவிட்டார். கள்ளக்குறிச்சியில் இருக்கிற மற்ற ஷோரூம்களில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. விழுப்புரம் வரை போனார். எல்லா இடத்திலும் சின்ன வயது ஆள் வேண்டும், டார்கெட் முடிக்கிற ஆள் வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. குழுவில் வழக்கம்போல, “வணக்கம் தம்பிகளா, எங்கிட்ட ஒரு பையன் இருக்கான்” என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஷோரூமுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மொபெட்டை சர்வீஸுக்கு விட வந்திருந்தார்கள். நான் சாருடைய அறையில், அவர் நாற்காலியில் இருந்தேன். அந்த அக்கா கதவருகே நின்று என்னைப் பார்த்தார். சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“இருக்காரு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதுக்கால ஒரு டேபிளப் போட்டுக்கினு இன்சூரன்ஸ் போட்டுக் குடுக்கறாரு. ஒரு நாளு வருது, ஒரு நாளு வர்ல” என்றார். பிறகு சத்தம் போடாமல், “ஊருல இருக்கறவங்களயெல்லாம் கேட்டுக் கேட்டு செஞ்சாரு. வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துதான் எங்கிட்ட சொன்னாரு. பெரியவ அப்பதான் காலேஜ் சேந்திருக்கா” என்றார்.

அவர்கள் நிற்க நான் உட்கார்ந்திருப்பது பொறுக்கமுடியாமல் சட்டென்று எழுந்து, நாற்காலியை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

அக்கா அதைத் தொடவில்லை. வாசலில் இரண்டு கஸ்டமர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எழுந்துக்காத. உக்காரு” என்றார். “நீயும் எழுந்துட்டா, எங்க வூட்டுக்காரரு எழுந்து போனதுக்கு இன்னாதான் மிச்சம்?”

சொல்லிவிட்டு, நான் உட்காருகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.